நியூபவுண்ட்லாந்து மீனவன்

ஏழு வயதுப் பிள்ளைக்கென்று செய்த கதிரையில் எழுபத்தைந்து வயது மனிதனைக் கொண்டுவந்து இருத்திவிட்டு, "வசதியாக இருக்கிறதா, மிஸ்டர் குலா?" என்று கேட்கிற பெண்ணிடம் என்னத்தைச் சொல்வது? மிக வசதி என்றார் குலசேகரம். முழங்கால்கள் இரண்டும் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றன, கோட்டுப் பொத்தான் எந்த நேரமும் தெறிக்கலாம், மருமகள் கழுத்தில் இறுக்கிக் கட்டிவிட்ட ரை தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இதற்கு மேலும் வசதி வேண்டுமென்றால் படுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கேட்டவள் வகுப்பு ரீச்சர், மிஸ் ஹாலண்ட். இருபத்தைந்து தாண்டியிராது. வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் துணியைத் தலையில் சுற்றி நெற்றிக்கு மேலே முடிச்சுப் போட்டிருந்தாள், உதட்டிலும் அதே சிவப்பு. அந்தக் காலத்துப் பெண்ணாம். அந்தக் காலத்துப் பெண்களைக் குலசேகரத்துக்குத் தெரியும். அவர்கள் சாயம் கிடைக்காமல் உதட்டில் பீட்ரூட் சாறு தேய்த்தார்கள், மூக்கு ஒழுக ஒழுகப் பாண் வரிசையில் நின்றார்கள், இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்ததை அவர் ஒருநாளும் கண்டதில்லை, சிரிக்கப் பலருக்குப் பல்லும் இருக்கவில்லை. மண்டபத்தின் கூரையில் குறுக்கும் மறுக்குமாகக் காகிதக் கொடித் தோரணம். ஓரத்து மேசையில் டின் இறைச்சி வைத்த சாண்ட்விச் அடுக்கியிருந்தது, அதற்குப் பக்கத்தில் சைவம் ஒரு தட்டு, ஹலால் ஒரு தட்டு, கோதுமை சேராதது ஒரு தட்டு. பங்கீட்டுக் காலமாம். கோதுமை சேராத பங்கீட்டுக் காலம். நிலத்தில் முப்பது பிள்ளைகள் சப்பாணி கட்டியிருந்தார்கள், பையன்களுக்குத் தட்டைத் தொப்பி, பெண் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை, எல்லோர் கழுத்திலும் பார்சலுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு பெயர் மட்டை, எல்லோர் தோளிலும் கயிறு கோத்த கடதாசிப் பெட்டி. பெட்டிக்குள் நச்சுவாயு முகமூடி இருப்பதாகப் பாவனை. 'போருக்குப் பின்னான இங்கிலாந்தில் பள்ளி வாழ்க்கை' என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. போர் முடிந்த பிறகு நச்சுவாயுவை யார் அனுப்பினார்கள், தபாலிலா? குலசேகரம் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். இரண்டாவது வரிசையில் இருந்த அவருடைய பேத்தி ஆரணிக்கு அது கேட்டது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய வாயைப் பார்த்தாள், பிறகு சப்பாத்தைப் பார்த்தாள், பிறகு திரும்பவும் வாயை. இந்தக் கிழவன் என்னத்தைச் செய்து என் மானத்தை வாங்கப் போகிறானோ என்ற பார்வை. அந்தப் பார்வையை அவருக்குக் கண்ணாடியில் பார்த்த மாதிரித் தெரியும்.

அவள் தானாகத்தான் கையை உயர்த்தியிருக்கிறாள். யாருடைய தாத்தா பாட்டி அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் என்று கேட்டபோது எழுந்தவை இரண்டே கைகள். லாகூரில் படித்த தாத்தாக்கள் இருந்தார்கள், மொகடிஷுவிலும் வார்சோவிலும் படித்த பாட்டிகள் இருந்தார்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகளின் தாத்தாக்களோ அந்தக் காலத்துக்குப் பிந்திப் பிறந்த குஞ்சுகள். ஆகக் கடைசியில் இந்த லண்டன் புறநகரில் அசல் இங்கிலாந்துச் சாட்சியாகத் தேறியது ஒரு யாழ்ப்பாணத்தான். "மாமா, மாட்டன் எண்டு சொல்லாதேங்கோ. பிள்ளை ரீச்சருக்குச் சொல்லிப்போட்டாள்," என்று மருமகள் சுபாஜினி வந்து நின்றாள். "சும்மா கொஞ்ச நேரம். பால் குடிச்சது, பனி பெய்தது, அப்பிடி ஏதாவது ரெண்டு கதை சொன்னால் காணும்." பால் குடித்தது, பனி பெய்தது. முப்பது வருஷம் நகரசபையில் வடிகால் பொறியியலாளராக இருந்து இந்த நாட்டு ஆட்களின் அடியிலுள்ள குழாய் முழுவதையும் பார்த்த மனிதனுக்குச் சொல்வதற்கு இருப்பது பாலும் பனியும். மகன் நிமலன் வழக்கம்போல போனிலிருந்து தலையை எடுக்காமல் "போயிட்டு வாங்கோவன் அப்பா, வீட்டில இருந்து என்ன செய்யப் போறீங்கள்?" என்றான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் அவர் இங்கே இருந்தார். அதுவும் அவருக்குத் தெரியும், அதனால் மகன் மேல் இன்னும் கொஞ்சம் கோபம்.

முதலில் பேசியது, கை உயர்த்திய மற்றப் பிள்ளை ரெபேக்காவின் தாத்தா பீட்டர். சிவந்த முகம், வட்ட வயிறு, கை நிறையப் பழைய புகைப்படங்கள். நாங்கள் ஏழைகள், ஆனால் சந்தோஷமாக இருந்தோம் என்று ஆரம்பித்தார். குலசேகரம் கண்ணை மூடிக்கொண்டார். சந்தோஷமாக இருந்தோம் என்று தொடங்குகிற எவரையும் அவர் நம்புவதில்லை. வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினோம் என்றார் பீட்டர். திருட என்ன இருந்தது உன்னிடம்? நத்தார்ப் பண்டிகைக்கு ஒரேயொரு தோடம்பழம், அதை உரித்துச் சுளை சுளையாகக் குடும்பமே பகிர்ந்தோம் என்றார், பிள்ளைகள் 'ஓ' என்றார்கள், மிஸ் ஹாலண்ட் நெஞ்சில் கையை வைத்தாள். இனிப்புக்குப் பங்கீட்டு அட்டை இருந்தது, வாரத்துக்கு இத்தனை அவுன்ஸ்தான் என்றார். இந்த ஆள் சற்று முன்னர்தான் ஐம்பதாம் ஆண்டு பிறந்ததாகப் பெருமையாகச் சொன்னவர். இனிப்புப் பங்கீட்டை எடுத்தபோது மூன்று வயது. வாயில் சூப்பியை வைத்துக்கொண்டு பங்கீட்டுக் காலத்தைச் சமாளித்திருப்பார் போலும். எல்லாம் தாய் சொன்ன கதை, அல்லது தொலைக்காட்சி சொன்ன கதை, இந்த நாட்டில் எல்லோரும் ஒரே பழைய காலத்தைத்தான் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். குலசேகரத்தின் காலத்தை ஒருவரும் வாடகைக்குக் கேட்கவில்லை. அதில் தோடம்பழம் இல்லை. அதில் முதலில் வந்தது மணம். ஈரக் கம்பளி, எரியும் கரி, திரிந்த பால், முப்பது நாற்பது பிள்ளைகளின் கழுவாத கால்.

நாற்பத்தேழாம் ஆண்டு, பனிக்காலத்தின் நடுவில், வடக்கே ஒரு பஞ்சாலை ஊருக்கு வந்து சேர்ந்தார்கள், அவரும் அப்பாவும். அவருக்கு ஆறு வயது. அம்மா அதற்கு முதல் வருஷம் நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா டாக்டர் அருளம்பலம், அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே சத்திரசிகிச்சைப் பட்டத்துக்குப் படிக்க வந்தவர். பள்ளிக்கூடம் கரி பிடித்த செங்கல் கட்டிடம், ஜன்னல்களை மட்டும் பிள்ளைகள் வெளியே பார்க்க முடியாத உயரத்தில் வைத்திருந்தார்கள், வெளியே பார்க்கவும் ஒன்றும் இருக்கவில்லை. வகுப்பின் மூலையில் ஒரு இரும்பு அடுப்பு. அதற்குத் தன் பெரிய முதுகைக் காட்டிக்கொண்டு வகுப்பு ரீச்சர் மிஸ் ஆர்மிடேஜ் நிற்பாள், சூடு முழுவதும் அவளுடைய முதுகுக்குப் போகும், மிச்சம் பிள்ளைகளுக்கு. பால் போத்தல்கள் உறைந்து அட்டை மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அவற்றை அடுப்போரம் வரிசையாக வைப்பார்கள், அரைச்சூட்டில் ஒரு வாடை வரும், குடித்தே ஆக வேண்டும், அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, நன்றியோடு குடி என்பாள். ஒருநாள் அவர் நன்றியோடு குடித்து நன்றியோடு சத்தி எடுத்தார். கக்கூஸ் முற்றத்துக்கு அந்தப் பக்கம், குழாயெல்லாம் உறைந்து கிடக்கும், அதில் போகப் பயந்து அடக்கிக்கொண்டு இருந்த பின்னேரங்கள் இன்றைக்கும் அடிவயிற்றில் இருந்தன, ஒருவேளை அதனால்தான் வடிகால் படித்தாரோ, சீ, அது மிஸ் ஹாலண்ட் யோசிக்கிற மாதிரி யோசனை. பேன் பார்க்க வருகிற நேர்ஸ் அவர் தலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு "என்ன சுத்தம்!" என்று ஆச்சரியப்பட்டு மிஸ் ஆர்மிடேஜைக் கூப்பிட்டுக் காட்டினாள், இருவரும் கண்காட்சி மாட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். குலசேகரம் என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று மிஸ் ஆர்மிடேஜ் முதல்நாளே கோலின் ஆக்கிவிட்டாள். பையன்கள் எச்சில் தொட்டு அவர் கையில் தேய்த்து நிறம் போகிறதா என்று பார்த்தார்கள். அதெல்லாம் எல்லோருக்கும் நடந்தது, எல்லோரும் புத்தகமாகவும் எழுதிவிட்டார்கள், அவற்றில் அவருக்கு அக்கறை கிடையாது. எச்சில் காய்ந்துவிடும். கோலின் என்று கூப்பிட்டால் திரும்பாமல் விடலாம். காயாதது ஒன்று இருந்தது, அது வெள்ளைக்காரன் செய்ததல்ல, அப்பா செய்தது.

அப்பாவை நினைத்தாலே அவருடைய உதடு ஒரு பக்கம் இழுபடும். அந்த ஊரில் அப்பாவைப் போல நன்றி சொன்ன மனிதர் வேறு ஒருவர் இருந்திருக்க மாட்டார். பஸ் கொண்டக்டருக்கு நன்றி, கதவை முகத்தில் சாத்திய வீட்டுக்காரிக்கு நன்றி, சோதனையில் மூன்று தரம் தோல்வி போட்ட பேராசிரியர்களுக்கு ஒவ்வொரு தரமும் நன்றி. பட்டமில்லாமலே மகனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போய், சாகும்வரைக்கும் ஆஸ்பத்திரி விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு "இங்கிலாந்திலே ஒருத்தன் ஒருத்தனுக்கு நன்றி சொல்லாமல் போகமாட்டான்" என்று சனத்துக்குச் சொன்னார். சொன்னது முழுக்க நீங்கள்தானே அப்பா. சரி, அது கூடப் பரவாயில்லை. நாற்பத்தொன்பதாம் ஆண்டு மே மாதம், பேரரசு தினம். பள்ளிக்கூட மண்டபத்தில் நாடகம். மொரீன் என்ற பிள்ளை சட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பிரித்தானியத் தாயாக நடுவில் இருப்பாள், நாடுகள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் விளைச்சலை அவள் காலடியில் வைக்க வேண்டும். இந்தியாவும் சிலோனும் சுதந்திரம் வாங்கி அப்போது வருஷக் கணக்காகிவிட்டது, மிஸ் ஆர்மிடேஜுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. நல்லது, சிலோன் வரட்டும், சிலோனில் பிறந்த பிள்ளை ஒன்று வகுப்பிலேயே இருக்கிறதே? அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உன் குரல் சின்னது கோலின் என்றாள். சிலோன் வேஷம் ராய் ஹோல்ட் என்ற வெள்ளைக்காரப் பையனுக்குப் போனது. தக்கையைச் சுட்டுக் கரியாக்கி அவன் முகத்திலும் கையிலும் பூசி, குளிக்கிற துவாயைத் தலைப்பாகையாகக் கட்டி, தலையில் ஒரு தேயிலைப் பெட்டியை ஏற்றிவிட்டார்கள். அசல் சிலோனுக்குக் கிடைத்தது கடைசி வரிசையில் நியூபவுண்ட்லாந்து என்ற குளிர்க்கடல் மீன்பிடித் தீவு, மீன் கடைக்காரனிடம் இரவல் வாங்கிய மஞ்சள் மழைக்கோட்டும் தொப்பியும். தாய்மார் நிறைந்த அந்தச் சபையில் ஒரேயொரு ஆண்பிள்ளை அப்பா, மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு முன்வரிசையில். ராய் கண்ணை உருட்டி உருட்டி, பல்லைக் காட்டிக் காட்டி, மூன்று தரம் தரையில் தலை முட்டக் குனிந்து "சிலோன் வந்தேன் எசமானி" என்றான். மண்டபம் சிரித்தது. அப்பா எழுந்து நின்றார். கை தட்டினார், மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் தட்டினார், தட்டியதோடு விட்டாரா, அத்தனை பேருக்கும் நடுவில் தமிழில் பெரிய குரலெடுத்துக் கத்தினார், "அப்பிடித்தான்! அப்பிடித்தான்!" அந்தக் கரி பூசிய முகத்தைப் பார்த்து, அந்தத் துவாயைப் பார்த்து, ஓமோம் நாங்கள் அப்பிடித்தான் என்று. மஞ்சள் கோட்டுக்குள் நின்ற எட்டு வயதுப் பையன் அன்றைக்குத் தகப்பனைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டான். பிறகு பெரியவனாகி, பொறியியல் படித்து, அறுபத்தாறில் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறும்போது அதை முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டார். "உங்களைப் போல வெள்ளைக்காரனுக்குக் கை தட்ட நான் போகேல்லை அப்பா." அப்பாவுக்கு விளங்கியிருக்காது. கொஞ்சநேரம் பெட்டியைக் கட்டியிருந்த வாரை இழுத்துப் பார்த்தார். "நல்லது தம்பி. கழுத்தை மூடிக்கொண்டு போ, கடல் காத்து," என்றார். அதுதான் கடைசி. எழுபத்திரண்டில் அப்பா இறந்த தந்தி வந்தபோது இங்கே ஒரு புதுக் கழிவுநீர்ச் சுரங்கம் திறக்கிற வேலை, போகவில்லை.

கை தட்டுகிற சத்தம் கேட்டு அவர் திடுக்கிட்டார். பீட்டர் முடித்துவிட்டார். எல்லோர் தலையும் இந்தப் பக்கம் திரும்பியது, அந்த நேரத்தில்தான் பயம் வந்தது, உறைந்த குழாயின் பயம் மாதிரி. பேசத் தொடங்கினால் குரல் எங்கே போய் நிற்கும் என்று அவருக்கு இப்போதெல்லாம் நிச்சயமில்லை. மருந்துக் கடையில் ஒரு சின்ன விஷயத்துக்கு அண்மையில் கத்தியிருக்கிறார், ஏனென்று தெரியாது. பாலையும் பனியையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், ஆரணி தப்பித்துவிடுவாள். ஆனால் பாலையும் பனியையும் சொன்னால் பீட்டருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம், நன்றி சொல்லித் திரிந்தவருக்கும் அவருக்கும்தான் என்ன வித்தியாசம்? பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளையைத் தலைகுனிய வைக்கிற பெரிய மனிதர் என்றால் எப்படி இருப்பார் என்று அவருக்குத் தெரியும், அப்படி ஒருவரை மஞ்சள் தொப்பியின் விளிம்புக்குக் கீழால் பார்த்திருக்கிறார்.

"எங்கள் உடுப்பெல்லாம் சரிதானே, மிஸ்டர் குலா? நீங்கள் சின்னவராக இருந்தபோது இப்படித்தானே இருந்தது?" என்று மிஸ் ஹாலண்ட் கேட்டாள்.

"இல்லை," என்றார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "இல்லையா?"

"அந்தப் பெட்டியை ஒருவரும் காவித் திரியவில்லை. போர் முடிந்துவிட்டது. கழுத்தில் மட்டையும் இல்லை. அது போர் நேரத்தில் குண்டுக்குப் பயந்து கிராமத்துக்கு அனுப்பிய பிள்ளைகளுக்குக் கட்டியது. நீங்கள் இரண்டு காலத்தையும் ஒன்றாகக் குழைத்துவிட்டீர்கள்."

ஒரு பையன் மெதுவாகப் பெட்டியைக் கழற்றிப் பின்னால் வைத்தான். ஆரணியின் தலை குனிந்தது, காது இரண்டும் கறுத்துச் சிவந்தன. இனி நிறுத்த முடியாது. அவர் சொன்னார். பேரரசு தினம், சட்டி மூடி, சுட்ட தக்கை, துவாய், தேயிலைப் பெட்டி. பேச்சை ஒரு கத்தி மாதிரித் தீட்டித்தான் கொண்டுவந்திருந்தார், குத்தினால் இரத்தம் வரும் என்று நினைத்தார். முதல் வரிசையில் ஒரு பெண் பிள்ளை கையை உயர்த்தி, வாய்ப்பாடு ஒப்புவிக்கிற மாதிரி, "அது இனவெறி," என்றது. "மிகச் சரி, ஃப்ரெயா!" என்றாள் மிஸ் ஹாலண்ட், முகத்தில் பெரிய நிம்மதி. அவ்வளவுதான். அவர் அறுபத்தேழு வருஷம் சுமந்ததை வாங்கி, பெயர் மட்டை கட்டி, அலுமாரியில் வைத்தாகிவிட்டது. குலசேகரத்துக்கு எழும்பிப் போய்விடலாம் போல இருந்தது, கதிரை விட்டால்.

"ஆனால் நீங்கள் என்னவாக இருந்தீர்கள்?" என்று கேட்டான் இலியாஸ் என்ற சுருள்முடிப் பையன்.

"நியூபவுண்ட்லாந்து மீனவன்."

"அது என்ன செய்யும்?"

"மீன் பிடிக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். "செய்து காட்டுங்கள்," என்றான் இலியாஸ்.

"இல்லை, மறந்துவிட்டது."

"கொஞ்சமாவது," என்றான். பிறகு எல்லோரும் கொஞ்சம், கொஞ்சம் என்று தொடங்கிவிட்டார்கள், தடுக்க வேண்டிய ரீச்சரும் சேர்ந்து தலையை ஆட்டினாள்.

இவர்களுக்கு வேறு வழியில்லை, ஒரு கோமாளியைக் காட்டினால்தான் விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் கதிரையின் விளிம்பைப் பிடித்து எழுந்தார், இரண்டு கையையும் உயர்த்திக் காற்றில் அளைந்துவிட்டு இருந்துவிடலாம் என்றுதான் எழுந்தார், ஆனால் எழுந்ததும் அவருடைய கால் அவரைக் கேட்காமல் ஒரு வேலை செய்தது. இடது குதிக்கால் நிலத்தில் ஊன்றிக்கொண்டது. வலது கால் பின்னுக்குப் போனது. உடம்பு முழுவதும் பின்பக்கம் சாய்ந்தது, கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு கயிற்றைப் பிடித்தன, இழுத்தது கையல்ல, முதுகு. ஒரு இழுவை. பின்னால் ஓர் அடி. இன்னொரு இழுவை. வாயில் அந்த அசட்டு வரிகளும் வந்துவிட்டன, ஆங்கிலத்தில், அந்தப் பஞ்சாலை ஊரின் இழுப்போடு, கடல் குளிருது, கை விறைக்குது, அரசரின் தட்டுக்கு மீன் வருகுது. பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். குலசேகரம் நடுவில் நின்றுவிட்டார். இது என்ன இழுவை? நியூபவுண்ட்லாந்தில் படகுக்குள் நின்று தூண்டில் போடுவார்கள், எந்தப் பைத்தியக்காரன் குதிக்காலை ஊன்றிப் பின்பக்கமாக நடப்பான்? ஊன்றுவதென்றால் மணல் வேண்டும். மணலில் நின்று, இருபது பேர் வரிசையாக, கடலுக்குள் கிடக்கிற வலையைக் கரைக்கு இழுக்கிறவர்கள் இப்படி இழுப்பார்கள். இது கரைவலை. இது எங்களுடைய ஊர், காரைநகர்க் கடற்கரை. மிஸ் ஆர்மிடேஜ் இதைச் சொல்லித் தரவில்லை, அவள் காட்டியது ஏதோ கையை ஆட்டுகிற ஒன்று. சொல்லித் தந்தது யார் என்று மனம் கேட்டு முடிக்கு முன்னரே முதுகு சொல்லிவிட்டது. வாடகை அறை. இரும்புக் கட்டிலின் காலில் முறுக்கிக் கட்டிய படுக்கை விரிப்பு. ஆஸ்பத்திரி உடுப்பைக் கூடக் கழற்றாமல் அப்பா, நிலத்தில், சப்பாத்தில்லாத காலோடு. "காலை ஊண்டு தம்பி. குதிக்கால் மண்ணுக்குள்ள போகவேணும். கையாலை இழுக்காதை, முதுகாலை இழு." ரீச்சர் இப்படிச் சொல்லவில்லையே அப்பா என்று அவர் சிணுங்கினார். "ரீச்சருக்கு வலையைப் பற்றி என்ன தெரியும்? சின்னனில நான் ஒளிச்சுப் போய் இழுக்கிறனான். ஒரு கை மீன் தருவினம். வீட்டை கொண்டு வந்தால் உன்ர அப்பப்பா பூவரசங் கம்பாலை வெளுப்பார், எங்கட ஆக்கள் வலை இழுக்கிறதோ எண்டு." கீழே வீட்டுக்காரி தும்புக்கட்டைப் பிடியால் தன் கூரையில் இடித்தாள், அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு விரிப்பின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு கடலாக நின்றார், விட்டுக்கொடுக்காமல், பாரமாக, பிறகு விட்டுக்கொடுத்து, ஒவ்வொரு இழுவைக்கும் மெதுவாக, வீட்டுக்காரிக்குக் கேட்காமல், "அப்பிடித்தான்... அப்பிடித்தான்."

பேரரசு தினத்தன்று ராய் மூன்று தரம் குனிந்து முடித்து அந்த இடத்திலேயே தேயிலைப் பெட்டியோடு நின்றான். அடுத்து வந்தது நியூபவுண்ட்லாந்து. மஞ்சள் கோட்டோடு முன்னால் வந்து, குதிக்காலை ஊன்றி, முதுகால் இழுத்தபோதுதான் அப்பா எழுந்தார். ராயின் கரி முகத்துக்கு மேலால்தான் அவரைப் பார்க்க முடிந்தது, அதனால் அந்த முகமும் அப்பாவின் குரலும் நினைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. அப்பா ராயைப் பார்க்கவே இல்லை. அந்த மண்டபத்தில், கண்ணை உருட்டுகிற சிலோனுக்குப் பக்கத்தில், இரவல் கோட்டுக்குள், ஒருவருக்கும் தெரியாமல் காரைநகர்க் கடற்கரை வலை இழுத்துக்கொண்டிருந்தது, அது தெரிந்த ஒரே ஆள் எழுந்து நின்று கத்தினார். இதை இவ்வளவு காலமும் எங்கே வைத்திருந்தாய் நீ, மடையா? வேறு யாரையும் கேட்கவில்லை, தன்னைத்தான் கேட்டார். பீட்டரைப் பார்த்து, மிஸ் ஹாலண்டைப் பார்த்து, உலகம் முழுவதையும் பார்த்து இத்தனை வருஷம் இழுத்து வைத்திருந்த உதடு நடுங்கத் தொடங்கியது, அழுதால் இந்தத் தலைத்துணிக்காரி நெஞ்சில் கையை வைப்பாள், அதைவிடச் சாகலாம், ஆகவே அவர் அழாமல் கத்தினார். "ஏலேலோ!" என்று, அடிவயிற்றிலிருந்து. "என்ன பார்க்கிறீர்கள்? இது தனியே இழுக்கிற வலையல்ல. வந்து பிடியுங்கள்!" பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு எழுந்து வந்தார்கள், தட்டைத் தொப்பிகள் சிதறின, இலியாஸ் அவருக்குப் பின்னால், ஃப்ரெயா அவனுக்குப் பின்னால், வாலாக நீண்டு, இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டு கதவுவரை பின்பக்கமாகப் போனார்கள். ஏலேலோ என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிக் கத்தினார்கள், எல்லாமே பிழை. ஆரணி மட்டும் எழவில்லை. இருந்த இடத்திலேயே முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு இருந்தாள்.

சாப்பாட்டு வரிசையில் அவளைக் கண்டுபிடித்தார். "ஆரணி," என்றார்.

"ஏன் கத்தினீர்கள்?" அவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் கேட்டாள். "எல்லோரும் சிரித்தார்கள்."

"அது சிரிக்கிறதுக்கில்லை, அது என்ன எண்டால்..."

"பிறகு, அப்பப்பா. ப்ளீஸ்." அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு தோழிகளோடு முன்னால் நகர்ந்தாள்.

அவர் நின்றார். அந்த முதுகை அவருக்குத் தெரியும். அன்றைக்குப் பேரரசு தினம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அப்பா நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை, சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு தெருவின் மற்றப் பக்கமாக நடந்தார். என்னடா என்று அப்பா கேட்டிருக்கலாம். ஏன் கத்தினீர்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். இருவரும் கேட்கவில்லை, மகனுக்கு மேடை வெட்கமாக்கும் என்று அப்பா நினைத்திருப்பார். இந்தப் பெட்டையாவது கேட்டுவிட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் நிமலனும் போனும் இருக்கும், நாளைக்கு அது ஒரு பகிடிக் கதையாகிவிடும், அதற்கடுத்த நாள் அதற்கு மேல் தோல் மூடிவிடும்.

"அற்புதமாக இருந்தது, மிஸ்டர் குலா," என்று மிஸ் ஹாலண்ட் ஓடிவந்தாள். "பிள்ளைகள் ஒருபோதும் மறக்க மாட்டார்கள். உங்களுக்கு டாக்சி கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். பள்ளிக்கூடம் விடும்வரை இருக்கிறேன்."

"அதற்கு இன்னும் நெடுநேரம் இருக்கிறதே!"

"இருக்கட்டும்," என்றார். மற்றவேளை என்றால் அவளுடைய தலைத்துணியைப் பற்றியும் ஒன்று சொல்லியிருப்பார்.

பள்ளிக்கூடப் படலைக்கு வெளியே பெற்றோர் உட்கார்ந்து காத்திருக்கிற இரும்பு வாங்கு ஈரமாக இருந்தது. கைக்குட்டையால் ஒரு மூலையைத் துடைத்துவிட்டு இருந்தார். எப்படித் தொடங்குவது என்று யோசித்தார். கரைவலை என்றால் அவளுக்குத் தெரியாது, கடற்கரை என்றால் ஐஸ்கிரீம் விற்கிற இடம் என்றுதான் தெரியும், அருளம்பலம் என்ற பெயரே அவள் கேட்டதில்லை, ஒருவரும் அந்த வீட்டில் அதைச் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் பாதிதான் வரும். தமிழில் சொன்னால் பாதிதான் விளங்கும். போன் அடித்தது. சுபாஜினி.

"மாமா, முடிஞ்சுதோ? வந்து ஏத்தட்டோ?"

"வேண்டாம். பிள்ளை விட்டு வரட்டும். அவளோட நடந்து வாறன்."

"மழை வரப்போகுது மாமா. அவ்வளவு நேரம் அங்க என்ன செய்யப் போறீங்கள்?"

"அவளுக்கு ஒரு விஷயம் சொல்லக் கிடக்கு."

"எனக்குச் சொல்லுங்கோவன். பின்னேரம் நான் அவளுக்கு ஆறுதலாய்ச் சொல்லுறன்."

"நீ பிழையாய்ச் சொல்லிப்போடுவாய்," என்றார் குலசேகரம். "என்ர அப்பா சரியாய்ச் சொல்லித் தந்ததையே நான் பிழையாய் விளங்கிக்கொண்டு இருந்தனான். வை போனை."